36 வாட் டியூப்லைட்டுக்குப் பதில் எல்இடி: வாட்டை மட்டும் பார்த்து வாங்கலாமா?

மூன்றாம்மாடி:
எங்கள் அலுவலகம் முழுக்க 36 வாட் டியூப்லைட், பழைய இரும்புச் சோக்கோடு. எல்லாவற்றையும் எல்இடிக்கு மாற்றப் போகிறோம். 18 வாட் போட்டால் கரண்ட் பாதிதான் ஆகும் என்கிறார்கள். அதை நம்பி மொத்தமாக வாங்கிவிடலாமா?

வயர்மேன்:
மிச்சம் பாதிக்கும் மேலேயே இருக்கும் சார். பழைய டியூப் சோக்கோடு சேர்ந்து சுமார் 45 வாட் இழுக்கும். ஆனால் வெளிச்சத்தைச் சொல்வது வாட் இல்லை, லூமென். பெட்டியில் இரண்டுமே போட்டிருக்கும். லூமெனை வாட்டால் வகுத்து, 100-க்குக் கீழே வந்தால் அந்த டியூப்பே வேண்டாம். நல்ல 18 வாட் டியூப் 2000 லூமென் பக்கம் தரும். பழையதைவிடக் குறைவுதான், ஆனால் பழைய டியூப்பின் வெளிச்சத்தில் ஒரு பங்கு கூரைக்கே போய்விடும். எல்இடி கீழ்நோக்கியே வீசும். முதலில் ஒரே ஓர் அறையில் மாற்றி, ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை மேஜைமேல் வைத்து அளந்துவிடுங்கள். எழுதிப் படிக்கிற மேஜைக்கு 500 லக்ஸ் வேண்டும், நடைபாதைக்கு 100 போதும்.

அப்புறம் டிரைவர், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சர்க்யூட். எரியாமல் போன எல்இடியைப் பிரித்துப் பாருங்கள், வெளிச்சம் தரும் சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். டிரைவரில் கபாசிட்டர் தலை உப்பிக்கொண்டு நிற்கும். சூடுதான் காரணம். காற்றுப் புகாத மூடிய ஃபிட்டிங்கில் இது சீக்கிரம் நடக்கும். பெட்டியில் உள்ள 50,000 மணி நேரம் என்பது, பொதுவாக சிப்பின் வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்கும் காலம். டிரைவர் அதுவரை தாங்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. வாரண்டியை எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாம்மாடி:
சோக்கை அப்படியே விடலாமா?

வயர்மேன்:
அதற்கென்றே வரும் டியூப் ஓடும், பழைய ஸ்டார்ட்டருக்குப் பதில் கூடவே தரும் டம்மி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். ஆனால் சோக் தன் பங்குக் கரண்டைத் தின்றுகொண்டே இருக்கும். நேரடி இணைப்பு டியூப் வாங்கி, சோக்கைக் கழற்றிவிடுவதே நல்லது. ‘நேரடி மின்சாரம்’ என்று ஃபிட்டிங்கில் கட்டாயம் எழுதி ஒட்டுங்கள். விவரம் தெரியாமல் நாளைக்கு யாராவது வேறு வகை டியூப்பைச் செருகினால் ஆபத்து.

இரவுக்காவல்:
வாங்கும் முன் எரியும் விளக்கை மொபைல் கேமராவில் பாருங்கள். கோடு கோடாக ஓடினால் அது துடிக்கிறது, நாள் முழுக்க அதன்கீழ் உட்கார்ந்தால் தலைவலி வரலாம். கழற்றும் டியூப்களில் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். மாடிப்படிக்கும் கழிப்பறைக்கும் ஆள் வந்தால் விளக்கைப் போடும் சென்சார் வையுங்கள், ஆனால் அணையும் நேரத்தை ரொம்பக் குறைக்காதீர்கள். பாதிப் படியில் இருட்டானால் வயதானவர்கள் தடுமாறுவார்கள்.