மரபணுவை நீக்கினால் செல் நீள்கிறது: ஜீன் ஆன்டாலஜியில் எதைப் பதிவது?

கயல்:
வணக்கம். பிளவு ஈஸ்டின் ஒரு மரபணுவைப் பற்றிய எங்கள் கட்டுரை வெளியானதும் பாம்பேஸ் தரவுத்தளத்திலிருந்து அழைப்பு வந்தது. கேன்டோ என்ற இணையக் கருவியில் கட்டுரையின் முடிவுகளை நாங்களே பதியலாம். மரபணுவை நீக்கினால் செல்கள் வழக்கத்தைவிட நீளமாகின்றன. ஒளிரும் புரதத்தை இணைத்துப் பார்த்ததில் எங்கள் புரதம் நியூக்ளியோலசில், அதாவது உட்கருவுக்குள் ரைபோசோம் ஆர்.என்.ஏ. உருவாகும் பகுதியில் தெரிகிறது. மரபணுக்களின் வேலையை எல்லா உயிரிகளுக்கும் பொதுவான சொற்களில் குறிக்கும் ஜீன் ஆன்டாலஜியில் இதை ‘செல் சுழற்சியை ஒழுங்குபடுத்துதல்’ என்று பதியச் சொல்கிறார் என் வழிகாட்டி. எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பதிந்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

மாறன்:
உங்கள் தயக்கம் நியாயமானது, கயல். அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

பிளவு ஈஸ்ட் நுனிகளில் வளர்ந்து நடுவில் பிரியும். பிரிவு தடைபட்டு வளர்ச்சி தொடர்ந்தால் செல் நீளும். ஹைட்ராக்சியூரியா என்ற மருந்தைக் கொடுத்து டி.என்.ஏ. நகலெடுப்பை நிறுத்தினாலும் இதே நீளம்தான் வரும். அதற்காக, நகலெடுப்பில் பங்குகொள்ளும் புரதம் ஒவ்வொன்றையும் செல் சுழற்சியின் ஒழுங்குபடுத்தி என்று சொல்ல மாட்டோம் அல்லவா? நீளம் நீங்கள் கண்ட விளைவு. அதற்குப் புறத்தோற்றச் சொற்களஞ்சியம் தனியாக இருக்கிறது; கேன்டோவிலேயே அதில் பதியலாம். நியூக்ளியோலஸ் என்பதைச் செல்லின் உட்பகுதிகளுக்கான பிரிவில், நேரடிச் சோதனை என்ற சான்றோடு பதியுங்கள்.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஈ, ஈஸ்ட், எலி ஆகியவற்றின் தரவுத்தளங்கள் 1998இல் கைகோத்து ஜீன் ஆன்டாலஜியைத் தொடங்கியது, ஓர் உயிரியில் அறிந்ததை இன்னொன்றில் தேட முடியவேண்டும் என்பதற்காக. செல் பிரிவை முடுக்கும் மரபணு பிளவு ஈஸ்டில் சிடிசி2, அரும்பும் ஈஸ்டில் சிடிசி28, மனிதரில் சிடிகே1: பெயர் மூன்று, வேலை ஒன்று. பிளவு ஈஸ்டில் பழுதான சிடிசி2வுக்கு மனித மரபணு ஈடுகொடுக்கும் என்று மெலனி லீயும் பால் நர்ஸும் 1987இல் காட்டினார்கள். இன்று சோதனைச் சான்றுள்ள பதிவுகளை அடிப்படையாக வைத்து, பரிணாம மரத்தின் வழியே உறவு மரபணுக்களுக்கும் செயல்பாடு ஊகிக்கப்படுகிறது. நீங்கள் ஈஸ்டுக்கு எழுதுவது, யாரும் சோதித்துப் பார்க்காத ஏதோ ஒரு பூஞ்சையின் புரதத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

தேன்மொழி:
பதிவுகளைப் பயன்படுத்தும் பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன். நூற்றுக்கணக்கான மரபணுக்களின் பட்டியலில் எந்தச் செயல்முறை மிகுந்திருக்கிறது என்று பார்ப்பது என் அன்றாட வேலை. மறைமுக விளைவுகளையெல்லாம் செல் சுழற்சியில் சேர்த்துவிட்டால், எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் செல் சுழற்சியே மேலே வந்து நிற்கும். உண்மையான செய்தி அடியில் புதைந்துவிடும். ‘புரதத்தோடு பிணைதல்’ என்று மட்டும் எழுதுவதையும் தவிருங்கள். அதிலிருந்து எதையும் அறிய முடிவதில்லை.

கயல்:
இருவருக்கும் நன்றி. நீக்கிய செல்களில் முதிராத ரைபோசோம் ஆர்.என்.ஏ. தேங்குவது நார்தர்ன் பிளாட் என்ற ஆர்.என்.ஏ. சோதனையில் தெரிகிறது. அந்தப் படம் கட்டுரையின் பின்னிணைப்பில்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

மாறன்:
தாராளமாக. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா, அம்மா! புரதமும் நியூக்ளியோலசில்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ‘ரைபோசோம் ஆர்.என்.ஏ. பதப்படுத்தல்’ என்ற செயல்முறையை, பிறழ்வின் புறத்தோற்றத்திலிருந்து ஊகித்தது என்ற சான்றோடு பதியுங்கள். மூலக்கூறுச் செயல்பாட்டைக் காலியாக விடுங்கள். அந்தப் புரதம் ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறதா, வெறுமனே பற்றிக்கொள்கிறதா என்று நீங்கள் இன்னும் சோதிக்கவில்லை. குறிப்புப் பெட்டியில் பின்னிணைப்புப் படத்தின் எண்ணை எழுதிவிடுங்கள், வெளியிடும் முன் சரிபார்ப்பவருக்குத் தேடும் வேலை மிச்சமாகும்.