ஆக்ஸிமீட்டரில் 98, ஆனாலும் மூச்சு முட்டியது: கொரோனா காலத்து மன அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து:

என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது நாங்கள் பெரிதாகக் கலங்கவில்லை. ஏப்ரல் 15 ஆனால் எப்படியும் மீன்பிடித் தடைக்காலம். தொழில் இல்லாத நாட்கள் எங்களுக்குப் பழகியவைதான். ஆனால் தடைக்காலத்தில் வலை பொத்துவார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அந்த வருடம் அதுவும் கிடையாது. 61 நாள் தடையை 47 நாளாகக் குறைத்தார்கள். ஏற்றுமதி படுத்துக்கிடந்த நேரத்தில் இறாலுக்கும் கணவாய்க்கும் என்ன விலை கிடைக்கும்? முன்பணக் கடன் மட்டும் குறையவில்லை.

நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்து, மூச்சு அடைக்கிறது என்பார். விரல் மரத்துவிட்டது என்று கையை உதறுவார். கொரோனாதான் என்று நினைத்தோம். சோதனையில் இல்லை என்று வந்தது. கொழுந்தன், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தான், வினை அதில் கூடியது. வலை இழுத்துக் காய்த்த விரலில் மாட்டினால் சில நேரம் எண்ணே வராது. வராவிட்டால் முகம் வெளிறிவிடும். விரலை லுங்கியில் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுவார். 98 என்று சரியான அளவு வந்ததும் படுப்பார்; சற்று நேரத்தில் இருட்டில் அந்தச் சிவப்பு வெளிச்சம் மறுபடி எரியும்.

ஒரு டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்து, "ஒன்றும் இல்லை, போங்கள்" என்றார். ஒன்றும் இல்லாமலா மனிதர் பாதியாக இளைத்தார்? இராமநாதபுரத்தில் வேறொரு டாக்டர்தான் புரிய வைத்தார். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்துவிடுமாம். விரலும் உதடும் மரப்பதும், காற்று போதாதது போலத் தோன்றுவதும் அதனால்தானாம். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். வீட்டில் சொன்னதும், மனம் சரியில்லாதவர்களைக் கொண்டுபோய் விடும் ஏர்வாடி தர்காவை நினைத்து மாமியார், "என் பிள்ளையை ஏர்வாடிக்கு அனுப்பப் பார்க்கிறாயா?" என்று ஒப்பாரி வைத்துவிட்டார். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை இன்றுவரை மாமியாருக்கு நரம்புச் சத்து மாத்திரைதான். குணம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே என் வீட்டுக்காரர் அதைக் கடலில் வீசியிருப்பார்.

கீழக்கரையிலிருந்து:

சகோதரி, உங்கள் கணவருக்குப் பயம். எனக்குப் பயம்கூட வரவில்லை. துபாயில் வேலை போய், கொரோனாவில் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவந்த வந்தே பாரத் விமானத்தில் திரும்பினேன். சபுராளி, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போனவர், வந்தால் பெட்டி பிரிக்கிற அன்று வீடே நிறைந்திருக்கும். நான் வந்தபோது தனிமைப்படுத்தல், பெட்டியிலும் ஒன்றுமில்லை. பிறகும் மாடியை விட்டு இறங்கப் பிடிக்கவில்லை. நோன்புப் பெருநாள் பிரியாணி மண்ணைத் தின்பது போலிருந்தது. மகள் வந்து மடியில் உட்கார்ந்தால் எழுந்து போகமாட்டாளா என்றிருக்கும். இதை யாரிடம் சொல்வது? உம்மாவிடம் சொன்னால் ஓதிப் பார்க்கச் சொல்வார், நண்பர்கள் "எல்லாருக்கும்தான் வேலை போச்சு" என்பார்கள்.

ஏர்வாடி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அந்தப் பழி இன்றும் ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சங்கிலி போட்டது தர்கா அல்ல, காப்பகம் நடத்தியவர்கள். பிற்பாடு துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் சேரட்டும் என்று அங்கேயே மனநல சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்தார்கள். நான் இரண்டையும் விடவில்லை. துஆவால்தான் குணமானதா என்று என்னோடு விவாதிக்க வராதீர்கள்.

திருப்புல்லாணி வட்டாரத்திலிருந்து, கிராம சுகாதார செவிலியர்:

விவாதிக்க வரவில்லை, தம்பி. மருந்தை நிறுத்தாதவரை எனக்குச் சண்டையே இல்லை.

காய்ச்சல் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனபோது, மனம் சரியில்லை என்று எந்தப் பெண்ணும் வாய் திறக்கவில்லை. தலை சுற்றல், கைகால் அசதி, தூக்கமில்லை என்பார்கள். கடல்பாசி எடுக்கப் போகிற ஒரு பெண் வாசலில் நின்றபடி, தெர்மாமீட்டரைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். கடலுக்குப் போனால் நாலு பேரோடு பேசிச் சிரிப்பாராம். இப்போது குழுக் கடன்காரர்களின் போனும் வீட்டுக்காரரின் கோபமும்தான் துணை என்றார். முதல் ஆண்டிலேயே உலக அளவில் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடின, பெண்களுக்குப் பாதிப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. எங்கள் படிவத்தில் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் கட்டம் இருந்தது, இதற்கு இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, பிடித்த வேலை எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் காட்டிவிடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே பார்ப்பார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அப்போதே கூப்பிடுங்கள். மண்டபம் தங்கையே, உன் வீட்டுக்காரர் இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறாரா? தெம்பு வந்துவிட்டது என்று அவராக நிறுத்தினால் விடாதே. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.