தண்ணீருக்குள் செடி வளர்க்கும் முதல் மீன்தொட்டி: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கொளத்தூர்_பக்கம்

2 அடித் தொட்டி. கீழே அக்வாசாயில் என்ற செடிகளுக்கான சத்து மண், மேலே மெல்லிய மணல். சென்னை கொளத்தூரில் வாங்கிய 5 கிரிப்டோகோரைன் வெண்டி என்ற தண்ணீர்ச் செடி. நான்காம் நாள் இலை ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆனது. எட்டாம் நாள் விரல் பட்டாலே வெந்த கீரை போல வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. அழுகல் மற்ற செடிகளுக்கும் போய்விடும் என்று பயந்து, ஞாயிறு காலை ஐந்தையும் பிடுங்கினேன்.

பிடுங்கும்போது செடி வரவில்லை. அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. ஒவ்வொன்றும் மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒன்றை இழுத்தபோது உள்ளங்கை அகலத்துக்கு மண்கட்டியும் சேர்ந்து வந்தது. வேர் பால் வெள்ளை. நடுவில் அரிசி நுனி அளவுக்கு ஒரு பழுப்புக் குருத்து. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் குப்பையில் போட்டேன். இது கிரிப்ட் மெல்ட், தண்ணீர் மாறினால் வருவது, இலை கரைந்தாலும் வேர் பிழைத்துவிடும் என்று செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. அதற்குள் மாநகராட்சி வண்டி வந்து போயிருந்தது.

கோவை_பச்சை

எனக்கு, செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு கொடுக்க வைக்கும் சர்க்கரை-ஈஸ்ட் பாட்டில். எல்லோரும் செய்வதுதான், 2 லிட்டர் பாட்டில், மூடியில் டியூப். ஏப்ரல் மாதம், வீட்டுக்குள்ளேயே புழுக்கம். வெயிலுக்கு ஈஸ்ட் எவ்வளவு வேகம் எடுக்கும் என்று யோசிக்கவில்லை. இரவு 2 மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. ஃபில்டர் நின்றது, தண்ணீர் மேற்பரப்பில் அசைவே இல்லை. பாட்டிலுக்குக் கரண்ட் வேண்டாமே, அது குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. இருட்டில் செடிகளும் கார்பன் டை ஆக்சைடைத்தான் விடும்.

பால் காய்ச்ச எழுந்த அம்மாதான் கூப்பிட்டார். மின்விசிறி ஓடாததால் வீடே அமைதி. டார்ச் அடிப்பதற்கு முன்பே எனக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. 10 நியான் டெட்ரா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து மூடும் சின்னச் சத்தம். டியூபைப் பிடுங்கி எறிந்து, சொம்பில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன், விடியும் வரை. 6 பிழைத்தன. இப்போதும் நள்ளிரவில் கரண்ட் போனால் முதலில் எழுவது நான்தான்.

வேர்_முக்கியம்

கொளத்தூர் நண்பரே, தண்ணீர் மாறியதால் மட்டும் அது கரையவில்லை. பண்ணைகளில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் வேர் மட்டும் நனையும்படி, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலை காற்றுக்கு உண்டான இலை. முழுக்க மூழ்கினால் அது போய்த்தான் ஆகும், தண்ணீருக்கேற்ற புது இலை பிறகு வரும். உங்கள் லைட்டும் அதிக நேரம் எரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். புதுத் தொட்டிக்கு 6 மணி நேரம் போதும், டைமர் போட்டுவிடுங்கள். ஒரே நாளில் பாதித் தண்ணீருக்கு மேல் மாற்றாதீர்கள். கரைந்த இலையை மட்டும் அடியோடு கத்தரித்து வெளியே எடுங்கள், இல்லாவிட்டால் அதுவே மீனுக்கு நஞ்சான அம்மோனியா ஆகும். ஆரம்பத்தில் சீக்கிரம் வளரும் செடிகளை நிறையப் போடுங்கள், ஹைட்ரில்லாகூடப் போதும். பாசிக்கு முன்னால் சத்தை அவை இழுத்துக்கொள்ளும். கோவை அக்காவும் கேளுங்கள்: ஈஸ்ட் பாட்டிலை இரவில் மூடிவைக்கவே கூடாது, அழுத்தம் ஏறி வெடிக்கும். டியூபைத் தொட்டிக்கு வெளியே எடுத்துப் போட்டுவிட்டு ஏர் பம்பை ஓடவிடுங்கள், பேட்டரியில் ஓடும் பம்பாக இருந்தால் இன்னும் நல்லது.

என் கதை சின்னது. அனுபியாஸ் செடியின் கிழங்குத் தண்டை மண்ணுக்குள் புதைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து எடுத்தபோது உள்ளே கூழ். கையில் இருந்த நாற்றம் சோப்புப் போட்டும் போகவில்லை. அதைக் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டத்தான் வேண்டும்.

யாழ்_கிணறு

எங்கட பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் கடும் வன்தண்ணீர். கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியும். இதில் ஒரு செடியும் வராது என்று கடைக்காரர் கதைத்தார். வாங்கிய ஏழு வகையில் ஆறு போயிற்று. ஏழாவது வாலிஸ்னேரியா. ஒருநாள் காலையில் பார்க்கிறேன், தாய்ச்செடியிலிருந்து மணலுக்கு மேலால் ஒரு கொடி ஓடி, ஒரு சாண் தள்ளிச் சின்னப் பிள்ளைச் செடி நிற்கிறது. கண்ணாடியில் முகத்தை வைத்து வடிவாகப் பார்த்தேன், அதற்கும் தனியாக இரண்டு வேர். அதற்குப் பிறகு தண்ணீரை மாற்ற நினைக்கவில்லை, எங்கட தண்ணீருக்கு வாழும் செடியைத் தேடினேன்.

கொளத்தூர் நண்பருக்கு ஒன்று. வெண்டி இலங்கைக்கே உரிய செடி. ஆற்றோரம் வெள்ளத்தில் மூழ்கியும் வெயிலில் வெளிப்பட்டும் வாழப் பழகியது. லேசில் சாகாது.

முதல்_தொட்டி_மதுரை

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். புது அக்வாசாயில் போட்ட இரண்டாம் நாளே மீன் விட்டேன். “தண்ணீர் தெளிஞ்சுடுச்சுல்ல, விடலாம்” என்றார் கடையில். அந்த மண்ணே முதல் சில வாரம் அம்மோனியா விடும் என்று யாரும் சொல்லவில்லை. மீன் அடியில் படுத்துக்கொண்டது, செவுள் ரத்தச் சிவப்பு. அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கி வந்து சொட்டு விட்டு 5 நிமிடம் காத்திருந்தேன். மஞ்சளாகவே இருக்க வேண்டிய தண்ணீர் இளம்பச்சையில் தொடங்கி அடர்பச்சைக்குப் போனது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தேன், அவ்வளவு தெளிவான தண்ணீர். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா அமைய 4 முதல் 6 வாரம் ஆகும் என்று இன்றைக்குப் புதிதாக வரும் எல்லோரிடமும் சொல்கிறேன். கேட்பவர்கள் குறைவு.

கொளத்தூர்_பக்கம்

வேர்_முக்கியம், என் லைட் ஆறு மணி நேரம்தான், டைமரும் உண்டு. பதிவில் இல்லாததை நீங்களாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் காற்று இலை, தண்ணீர் இலை என்று நீங்கள் சொன்னதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஐந்தும் இருந்திருக்கும்.

போன சனிக்கிழமை மறுபடி 3 வாங்கி வந்தேன். இலைகளை நானே அடியோடு கத்தரித்துவிட்டு, வேரை மட்டும் நட்டேன். இன்று நான்காம் நாள். வெறும் மணல்தான் தெரிகிறது. கை வைக்கவில்லை.