135 கிலோமீட்டர் எரோய்காவுக்கு எந்தப் பழைய சைக்கிள்: பியாங்கியா, பெஜோவா, கெஸலா?

நெக்கர்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வருகிற அக்டோபர் எரோய்காவில் இடம் கிடைத்துவிட்டது, சைக்கிள்தான் இல்லை. இத்தாலியில் கையோலே இன் கியாந்தியில் தொடங்கும், பழைய ரேஸ் சைக்கிள்களுக்கான சைக்கிள் ஓட்டம். 135 கிலோமீட்டர் பாதைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இழுத்துவிட்டவர் அலுவலக நண்பர். அவருக்கு அவர் அப்பாவின் சைக்கிள் இருக்கிறது. என்னிடம் இருப்பதோ கார்பன் ஃபிரேம் கொண்ட புதுக் காலத்துச் சைக்கிள், அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விதிகளை நான் புரிந்துகொண்டது இவ்வளவு: 1987-க்கு முன் செய்த ரேஸ் சைக்கிளாக இருக்க வேண்டும். கியர் மாற்றும் நெம்புகோல் ஃபிரேமின் சாய்வுக் குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து தெரிய வேண்டும். பெடலில் கூண்டும் தோல் பட்டையும். சக்கரத்துக்குக் குறைந்தது 32 ஸ்போக், உயரம் குறைந்த ரிம்.

ஸ்டுட்கார்ட்டைச் சுற்றி மூன்று சைக்கிள் விற்பனைக்கு இருக்கின்றன. படங்களை வைத்துச் சொல்கிறேன்.

ஒன்று, பியாங்கி. அந்தப் பச்சை கலந்த நீலம். 80-களின் நடுப்பகுதி என்கிறார் விற்பவர். கேம்பக்னோலோ பாகங்கள், முன்னால் 52, 42 பல் கொண்ட இரண்டு பற்சக்கரம், பின்னால் 13-லிருந்து 21 பல் வரை. 850 யூரோ கேட்கிறார்.

இரண்டு, பெஜோ பி.எக்ஸ்.10, வெள்ளை நிறம், 70-களினது. ரிம்மில் பசை போட்டு ஒட்டும் டயர். 400 யூரோ.

மூன்று, கெஸல் சாம்பியன் மோண்டியல், 80-களின் தொடக்கம், ரெனால்ட்ஸ் 531 இரும்புக் குழாய், ஷிமானோ 600 பாகங்கள். 350 யூரோ. பார்க்கக் கொஞ்சம் சோகமாக இருக்கிறது, பழுப்பு நிறம்.

என் உயரம் 178 செ.மீ., வயது 48. வார இறுதியில் 70, 80 கிலோமீட்டர் ஓட்டுவேன். மலை ஏறுவேன், ஆனால் மெதுவாக. மனம் முழுக்கப் பியாங்கி பக்கம்தான். இத்தாலிக்குப் போகிறோம், இத்தாலிய சைக்கிளில் போனால்தானே அழகு? என்ன சொல்கிறீர்கள்?

பழைய பால்ரஸ் எழுதியது:

நான் இருப்பது தூரினில். வேலை வேறு, ஆனால் வீட்டின் நிலவறையில் பாதியைப் பழைய ஃபிரேம்கள் பிடித்துக்கொண்டுவிட்டன. எரோய்காவும் ஓட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் பார்க்காதீர்கள். முதலில் பின்னால் இருக்கும் பெரிய பற்சக்கரத்துக்கு எத்தனை பல் என்று பாருங்கள், அப்புறம் டயருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள், அதற்குப் பிறகு உங்கள் உயரம். நிறம் கடைசி.

ஏன் பல்? அந்தப் பக்கத்து வெள்ளை மண்சாலைகளில் ஏற்றங்கள் நீளம் குறைவு, ஆனால் செங்குத்து. 10, 12 சதவீதம் சர்வசாதாரணம். தார்ச்சாலையாக இருந்தால் எழுந்து நின்று மிதித்து எப்படியாவது ஏறிவிடலாம். இங்கே எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறையும், சரளையில் சக்கரம் சும்மா சுழலும், நீங்கள் இறங்கித் தள்ளுவீர்கள். உட்கார்ந்தபடியே, சீராக மிதிக்க வேண்டும். அதற்குச் சின்ன கியர் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் போகும். பியாங்கியில் மிகச் சின்ன கியர் 42/21, அதாவது ஒரு மிதிச் சுற்றுக்கு 4.2 மீட்டர். அந்த மாதிரி ஏற்றத்தில் நாமெல்லாம் போவது மணிக்கு ஏழு, ஏழரை கிலோமீட்டர். அப்படியென்றால் நிமிடத்துக்கு 30 சுற்று. முழங்கால் ஒரு மேட்டைத் தாங்கும், 100 கிலோமீட்டருக்குப் பிறகு வரும் மேட்டைத் தாங்காது. முன்னால் 34, பின்னால் 28 இருந்தால் அதே வேகத்தில் 49 சுற்று. பரமசுகம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஏறிவிடலாம்.

‘வாங்கிய பிறகு பல்லை மாற்றிக்கொள்கிறேன்’ என்பீர்கள். இங்கேதான் பியாங்கி மாட்டும். அந்தக் காலத்துக் கேம்பக்னோலோ ரேஸ் கிராங்கில் (பெடல் மாட்டும் கை) பற்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்களின் வட்டம் 144 மி.மீ. அதில் 41-க்குக் கீழே பற்சக்கரம் உட்காராது. உங்களுடையது ஏற்கெனவே 42. பின்னால்தான் கூட்ட முடியும், அங்கேயும் கேம்பக்னோலோவின் நுவோவோ ரெக்கார்ட் டெரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) 26 பல் வரை ஒழுங்காக இழுக்கும், 28 அதிர்ஷ்டம். 42/28 என்று வைத்தாலும் நிமிடத்துக்கு 40 சுற்றுதான்.

கெஸலில் இருக்கும் ஷிமானோ கிராங்கும் பெரிய உதவி கிடையாது, அதில் 38, 39 வரைதான் இறங்கலாம். ஆனால் அதைக் கழற்றி அதே காலத்து சுகினோ கிராங்க் ஒன்றை மாட்டிவிடலாம். போல்ட் வட்டம் 110 மி.மீ. உள்ளதாகப் பாருங்கள், 34 பல் உட்காரும். டூரிங் சைக்கிள்களிலிருந்து கழற்றியது நிறையக் கிடைக்கிறது, விலையும் கையைக் கடிக்காது. கெஸல் டச்சு சைக்கிள். டச்சுக்காரர்கள் நடு அச்சுக்கு, அதாவது கிராங்க் சுழலும் அச்சுக்கு, ஆங்கிலேய மரையையே போட்டார்கள், ஆகவே அச்சும் கப்பும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பெஜோ நல்ல சைக்கிள். அதில் டயருக்கு இடமும் தாராளம். ஆனால் 70-களின் பிரெஞ்சு சைக்கிள் வாங்குவது தனி உலகம். நடு அச்சு மரை 35 மி.மீ., இரண்டு பக்கமும் ஒரே திசையில் இறுகும். ஹேண்டில் தண்டு 22.0 மி.மீ., மற்ற நாட்டுக்காரர்களுக்கெல்லாம் 22.2. அந்தத் துளி வித்தியாசத்துக்காக மாதக்கணக்கில் பாகம் தேடுவீர்கள். அதோடு பழைய சிம்ப்ளெக்ஸ் டெரெய்லரில் பிளாஸ்டிக் பாகங்கள் உண்டு, இத்தனை வருடத்துக்குப் பிறகு அவை விரிசல் விடும். பொழுதுபோக்குக்கு வாங்குங்கள், அக்டோபருக்கு வேண்டாம்.

டயர் விஷயம். 28 மி.மீ. டயர் கட்டாயம் போக வேண்டும், 30 போனால் இன்னும் நல்லது. 80-களின் நடுவில் வந்த இத்தாலிய ரேஸ் ஃபிரேம்கள் பல இறுக்கமானவை, 25-க்கு மேல் போனால் ஃபோர்க்கின் தலையில் உரசும். படத்தில் தெரியாது. நேரில் போகும்போது ஒரு 4 மி.மீ. ஆலன் சாவி எடுத்துப் போங்கள். இப்போது மாட்டியிருக்கும் டயரின் அகலத்தைப் படியுங்கள், பிறகு டயருக்கும் ஃபோர்க் தலைக்கும் நடுவே சாவியை நுழையுங்கள். 23 டயர் இருக்கும்போதே சாவி தாராளமாகப் போகவில்லையென்றால் அந்த ஃபிரேமில் 28-ஐ மறந்துவிடுங்கள். பின்பக்கம் பிரேக் மாட்டும் குறுக்குக் குழாயின் அடியிலும் அதே சோதனை.

நேரில் பார்க்கும்போது இன்னும் சில. ஃபிரேமின் தலைக்குழாய்க்குப் பின்னால், சாய்வுக் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மடிப்பு விரலுக்குத் தெரியும். சுவரிலோ காரிலோ நேராக மோதிய சைக்கிளில் அங்கேதான் இரும்பு சற்று உப்பும். பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் மெல்லிய கோடுகளாக வெடித்திருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். கேம்பக்னோலோ கிராங்காக இருந்தால், வலது பெடல் கை, பற்சக்கரத்தைத் தாங்கும் ஐந்து கால்களோடு சேரும் மூலையைத் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் விழும் இடம் அது, தலைமுடி அளவில்தான் இருக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் விற்பவரிடமே சொல்லி சீட் குழாயையும் ஹேண்டில் தண்டையும் தளர்த்தி ஒரு சென்டிமீட்டர் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். அலுமினியம் இரும்புக்குள் வருடக்கணக்கில் நின்றால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ‘வீட்டுக்குப் போய் எண்ணெய் விட்டால் வந்துவிடும்’ என்று ஒருவர் சொன்னால், அவர் ஏற்கெனவே எண்ணெய் விட்டுப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

என் ஓட்டு கெஸலுக்கு.

ஆவடி ரோடு எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் அப்பாவின் ஹெர்குலிஸ் இருக்கிறது, அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிப்பு. பால்ரஸ் மாற்றி, ரிம்முக்குப் பெண்டு எடுத்து, இன்னமும் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறேன். இது 1987-க்கு முந்தையதுதான். இதைக் கப்பலில் ஏற்றினால் ஓட்ட விடுவார்களா?

பழைய பால்ரஸ் எழுதியது:

ஆவடி ரோடு சார், அவர்கள் கேட்பது ரேஸ் சைக்கிள். உங்களுடையது கம்பி பிரேக், ஒற்றை கியர், 28 அங்குலச் சக்கரம். விதியை விடுங்கள், ஈரக் காலையில் சரளை இறக்கத்தில் அந்தக் கம்பி பிரேக்கை நம்பி நான் இறங்க மாட்டேன். லண்டனில் 2009-லிருந்து ட்வீட் ரன் என்று ஒன்று நடக்கிறது, கோட்டு சூட்டு போட்டு நகரத்துக்குள் மெதுவாக ஓட்டுவது. அங்கே உங்கள் ஹெர்குலிஸ் ராஜா மாதிரி போகும். ஹேண்டில்பார் கைப்பிடி ஒரிஜினல் என்றால் படம் போடுங்கள்.

ஆல்ப்ஸ் அடிவாரம் எழுதியது:

பால்ரஸ் அண்ணா சொல்வது எல்லாம் சரி, ஆனால் கொஞ்சம் வாத்தியார்த்தனம். நான் சூரிச்சிலிருந்து போய் ஓட்டியவன். அதிகாலை இருட்டில் புரோலியோ கோட்டைக்கு ஏறும் பாதையில் இரண்டு பக்கமும் விளக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். நடுவில் நிறுத்தும் இடத்தில் ரிபொல்லித்தா சூப்பும், ரொட்டியில் ஒயின் தெளித்துச் சர்க்கரை தூவியதும் கொடுப்பார்கள். யாரும் நேரம் பார்ப்பதில்லை. 1997-ல் ஜான்கார்லோ புரோச்சி 92 பேரை வைத்து இதைத் தொடங்கியதே அந்தப் பழைய காலத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கத்தான். அங்கே போய்ப் பல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் என்ன ருசி?

பிடித்த சைக்கிள் பியாங்கி என்றால் பியாங்கியை வாங்குங்கள். பின்னால் 26 பல் ஃபிரீவீல் மாட்டுங்கள், 135-ஐ விட்டு 81 கிலோமீட்டர் பாதைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஒன்றிரண்டு மேட்டில் தள்ளுவீர்கள். அங்கே தள்ளாதவர் குறைவு, பக்கத்தில் பேச்சுத்துணை கிடைக்கும்.

பழைய பால்ரஸ் எழுதியது:

81 கிலோமீட்டர் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. 135 என்றால் உண்டு. அசியானோ பக்கத்துக் களிமண் குன்றுகளைப் பார்த்திருப்பீர்களே, 2007-லிருந்து ஸ்த்ராதே பியாங்கே தொழில்முறைப் பந்தயம் நடப்பதும் இந்த மண்சாலைகளில்தான். மோந்தே சாந்தே மரியே பகுதி மட்டும் 11 கிலோமீட்டருக்கு மேல், ஏறி இறங்கி ஏறி இறங்கி. அந்தப் பந்தயத்தை மூன்று முறை ஜெயித்த ஃபேபியன் கான்செலாராவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அவருக்கு 42 பல் போதும். நமக்கு?

நெக்கர்கரை எழுதியது:

சனிக்கிழமை இரண்டையும் நேரில் பார்த்தேன். பெஜோ போகும் முன்பே விற்றுவிட்டது, ஒரு தலைவலி குறைந்தது.

பியாங்கி படத்தைவிட நேரில் அழகு. 23 டயர்தான் மாட்டியிருந்தது. ஆலன் சாவியை முன்பக்கம் நுழைத்தேன், நுனி மட்டும் போனது, அப்புறம் நின்றுவிட்டது. விற்பவர் பெரியவர், நல்ல மனிதர். ‘இந்தச் சாவி சோதனையை இதுவரை யாரும் செய்ததில்லையே’ என்று சிரித்தார். ஹேண்டில் தண்டு அசையவே இல்லை. ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கெஸலில் சாவி முன்னும் பின்னும் தாராளமாகப் போனது. சீட் குழாய் சுலபமாக ஏறி இறங்கியது, விரலுக்கும் எதுவும் தட்டவில்லை. 57 அளவு, ஒரு பிடி சீட் குழாய் வெளியே தெரிகிறது. 310-க்கு முடித்தேன். வெயிலில் அந்தப் பழுப்புக்குள் பொன் பொடி மாதிரி மின்னுகிறது, படத்தில் இது தெரியவில்லை.

இரண்டு சந்தேகம். முந்தைய உரிமையாளர் பிரேக் நெம்புகோலை மாற்றியிருக்கிறார், கேபிள் டேப்புக்கு அடியில் ஒளிந்து போகிறது. விதிப்படி இது ஆகாதுதானே? அடுத்தது, சுகினோ கிராங்க் ஒன்று 110 வட்டத்தோடு பார்த்து வைத்திருக்கிறேன். அதற்கு நடு அச்சு புதிதாக வாங்க வேண்டுமா?

பழைய பால்ரஸ் எழுதியது:

நல்ல விலை. வாழ்த்துகள்.

ஒளிந்த கேபிள் ஆகாது. மேலே வளைந்து வெளியே வரும் பழைய நெம்புகோல் ஒரு ஜோடி வாங்குங்கள், வைன்மன், ஷிமானோ எதுவானாலும் சரி. மேலே இருக்கும் ரப்பர் பொடிந்திருக்கும், அதற்காகப் பேரம் பேசுங்கள். கூடவே புது பிரேக் கட்டை வாங்கிவிடுங்கள். பழைய கட்டைகள் கல்லாகியிருக்கும், பிடிக்காது, ரிம்மையும் கீறும். கேபிளும் உறையும் மொத்தமாகப் புதிது.

அச்சு வாங்க அவசரப்படாதீர்கள். ஷிமானோவும் சுகினோவும் ஒரே ஜப்பானியச் சாய்வில் முனை செய்தவர்கள், இப்போதிருக்கும் அச்சிலேயே கிராங்கை மாட்டி இறுக்கிப் பாருங்கள். உள்பக்கச் சின்னப் பற்சக்கரத்துக்கும் ஃபிரேமில் பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்க்கும் நடுவே இரண்டு, மூன்று மி.மீ. இடைவெளி இருந்து, முன் டெரெய்லர் வெளிப்பக்கப் பற்சக்கரம் வரை எட்டினால் அப்படியே விட்டுவிடுங்கள். கப்பைத் திறந்து பால்ரஸ் மாற்றி கிரீஸ் வைத்தால் போதும். உரசினால் மட்டும் நீளமான அச்சு. கிராங்கை மாட்டியதும் இடைவெளியை அளந்து சொல்லுங்கள், எந்த நீளம் என்று பார்ப்போம்.