பி.டி. சாரிடம் மாட்டிய கதைகள்: நாலு பேர் சொன்னவை

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் 1990களில் படித்தேன். மொத்தப் பள்ளிக்கும் ஒரே பி.டி. சார். கபடி, கோ-கோ, வாலிபால், பூப்பந்து, தடகளம் எல்லாம் அவர் தலையில்தான். அவர் காலேஜில் ஆடியது பூப்பந்து மட்டும். மற்றதையெல்லாம் விதிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எங்களோடு சேர்ந்துதான் கற்றுக்கொண்டார்.

எட்டாவதில் கபடிக்கு என்று போய் நின்றேன். முப்பது கிலோகூட இருக்க மாட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, கபடியில உன்னை ஒருத்தன் அமுக்கினா முடிஞ்சது. கோ-கோவுக்கு வா. துரத்துறவன் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, நீ தாண்டலாம். அந்த ஒண்ணை வச்சுப் பிழைச்சுக்கோ" என்றார். இரண்டு வருடம் அதை வைத்துத்தான் பிழைத்தேன். ஓடும் அணியில் முதலில் இறங்கும் மூன்று பேரில் எப்போதும் நான் இருப்பேன்.

அவர் டிராக் போடும் நாள்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. கயிறு, ஆணி, ஒரு வாளி சுண்ணாம்பு. வெளி லேனில் ஓடுகிறவனை ஏன் அவ்வளவு முன்னால் நிறுத்துகிறீர்கள், அது ஓரவஞ்சனை இல்லையா என்று சண்டைக்குப் போனோம். உட்கார வைத்து மண்ணிலேயே கணக்குப் போட்டார். லேன் அகலம் 1.22 மீட்டர். அதை இரண்டு பையால் (2π) பெருக்கினால் 7.66. இரண்டாவது லேனிலிருந்து வெளியே போகப் போக, முழுச் சுற்று ஓட ஒவ்வொரு லேனுக்கும் அவ்வளவு முன்னால் தள்ள வேண்டும். 200 மீட்டர் டிராக்கோ 400 மீட்டர் டிராக்கோ, இது மாறாது. பை என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. இதைக் கேள்விப்பட்ட கணக்கு சார் ரொம்பப் பாராட்டினார். ஆனாலும் பி.டி. பீரியடைப் பிடுங்குவதை அவர் நிறுத்தவில்லை.

* * *

எனக்கு வாலிபால். குறுவட்டப் போட்டிக்கு வெளியூர் போக அப்பா விடவில்லை. பி.டி. சார் தன் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். "நானும் கூடப் போறேன்ண்ணே" என்று அந்த அக்கா சொன்ன பிறகுதான் அப்பா தலையாட்டினார். அக்காவுக்கு வாலிபால் பற்றி ஒன்றும் தெரியாது. மூன்றாவது வருடம் நாங்கள் ரொட்டேஷனில் மாறி நின்றால் வெளியிலிருந்து முதலில் கத்துவது அவர்தான்!

நான் பள்ளியில் ஆடிக்கொண்டிருந்தபோதே விதி மாறியது. அதுவரை சர்வீஸ் போடும் அணிக்குத்தான் பாயிண்ட், 15-க்கு ஒரு செட். அப்புறம் யார் சர்வீஸ் போட்டாலும் பாயிண்ட், 25-க்கு செட். என் சர்வீஸ் பாதி நெட்டில்தான் விழும். முன்பு சர்வீஸ்தான் கை மாறும், இப்போது ஒரு பாயிண்ட்டே போகும். ஒரு மாதம் முழுக்க, தினமும் ஐம்பது சர்வீஸ் போட்ட பிறகுதான் வீட்டுக்கு விடுவார். அழுதிருக்கிறேன்.

* * *

கொடுத்து வைத்தவர்கள் நீங்கள். எங்கள் சார் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். அவ்வளவுதான் எங்கள் விளையாட்டுக் கல்வி.

* * *

நான் பதினோரு வருடமாக இதே பி.டி. சார் வேலையில் இருக்கிறேன். மரத்தடி சாருக்காக வாதாட வரவில்லை, அது தப்புதான். ஆனால் காலைப் பிரேயர் விசிலில் ஆரம்பித்தால் தாமதமாக வருகிறவர்கள், சீருடை, பஸ் ஸ்டாப் அடிதடி எல்லாம் எங்களிடம்தான் வரும். பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி வந்தால் 14 வயது, 17 வயது என்று பிரித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வயதுச் சான்று, படிவம். போன முறை ஒரே காலையில் என் கபடிப் பையன்களுக்கு ஒரு மைதானம், கோ-கோ பெண்களுக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. பைக்கில் அலைந்ததில் இரண்டு ஆட்டத்தையும் பாதிதான் பார்த்தேன். கபடியில் தோற்றோம். கோ-கோவில் ஜெயித்த செய்தியை வழியில் போனில்தான் கேட்டேன்.

அந்த 7.66 கணக்கை நானும் மண்ணில்தான் எழுதிக் காட்டுவேன். சரி, நாளை ஆறு மணிக்குச் சுண்ணாம்பு போட வேண்டும். ராத்திரி மழை பெய்யாமல் இருந்தால் போதும்.