அட்டையில் பேர் எடுக்க வருபவர்கள்

11 வருஷமாக ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். கூட்டுறவு சங்கத்துக் கடை, வெண்ணாற்றுப் பக்கம் ஒரு கிராமம். மூட்டை இறக்குவது, எடை போடுவது, மாதக் கடைசியில் இருப்புக் கணக்குப் பார்ப்பது எல்லாம் கைக்குப் பழகிவிட்டது. "இந்தப் பேரை எடுத்துடணும்" என்று அட்டையை நீட்டுபவர்களிடம் பேசுவது மட்டும் இன்னும் பழகவில்லை.

பெயர் சேர்க்கவோ நீக்கவோ எனக்கு அதிகாரம் கிடையாது. இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்க வேண்டும், வட்ட வழங்கல் பிரிவில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஆனாலும் ஜனங்கள் முதலில் வந்து கேட்பது என்னிடம்தான். அப்போது நான் சரியாகச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். அரைகுறையாகச் சொன்னால் அவர்கள் மாதக்கணக்கில் அலைவார்கள். அப்படி ஒரு பெண்ணை நானே அலைய வைத்திருக்கிறேன்.

கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த பெண். பிறந்த வீடு திருத்துறைப்பூண்டி பக்கம். "அக்கா, தனிக் கார்டு போடணும், என்ன செய்யணும்?" என்று கேட்டது. அம்மா வீட்டு அட்டையில் பேர் இருக்கும்வரை வேறு எந்த அட்டையிலும் சேர்க்க முடியாது. ஆதார் எண் ஏற்கெனவே ஓர் அட்டையில் இருக்கிறது என்று விண்ணப்பம் திரும்பிவிடும். அதனால், "முதல்ல அங்க பேரை எடுத்துட்டு வாம்மா" என்றேன். மறு வாரமே எடுத்துவிட்டார்கள். புது அட்டை வரவில்லை, மாதங்கள் ஓடின. இதற்கு நடுவில் அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் போனால் குடும்ப அட்டை கேட்கிறார்கள். எந்த அட்டையிலும் பேர் இல்லை. கடன் வாங்கித்தான் செய்தார்கள். அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பல நாள் தூக்கம் பிடிக்கவில்லை.

இப்போது யார் வந்தாலும் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நீக்கம் முதலில்தான், வேறு வழியில்லை. ஆனால் நீக்கம் ஒப்புதலான அன்றே, மாமனார் வீட்டு அட்டையில் சேர்க்க விண்ணப்பம் போட்டுவிடுங்கள். ஆதார், கல்யாணப் பத்திரிகை எல்லாம் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். தனி அட்டை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம். பேர் எங்கேயும் இல்லாமல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.

தனி அட்டை என்றதும் இன்னொன்று. மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் 2023 செப்டம்பரில் வந்தது. ஓர் அட்டைக்கு ஒருவருக்குத்தான். அதிலிருந்து, மாமியாரும் மருமகளும் தனிச் சமையல் என்று சொல்லிக்கொண்டு நிறையப் பேர் வருகிறார்கள். எல்லாம் பணத்துக்காகச் சொல்கிற பொய் என்று என்னோடு வேலை பார்ப்பவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லையில் மாட்டுக் கொட்டகையை ஒட்டித் தகரம் போட்டு மருமகள் அடுப்பு வைத்திருந்தாள். உப்பு ஜாடிகூடத் தனி. விசாரணைக்கு வருபவர் வீட்டு வாசலோடு திரும்பிவிட்டால் அந்த அடுப்பு அவர் கண்ணில் படவே படாது.

கைரேகைப் பதிவு எல்லா உறுப்பினருக்கும் கட்டாயம் என்று வந்தபோது தெருத்தெருவாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் ஒரு அப்பாயி வந்தார். சம்பா நடவுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார், காலில் சேறு காயவில்லை.

"பாப்பா, ரேகை வைக்க எல்லாரும் வரணும்னு சொல்லிட்டுப் போனியாமே. அவர் எப்படி வருவாரு?"

அவர் வீட்டுக்காரர் ஆடியில் தவறிப்போனது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். அட்டையில் மட்டும் இருந்தார். இத்தனை மாதம் சொல்லாததற்கு என்ன செய்வார்களோ, வாங்கின அரிசிக்குப் பணம் கட்டச் சொல்வார்களோ என்று பயந்து போயிருந்தார். என் கடையில் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை என்று சொல்லி, முதலில் மூட்டை மேல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவருடையது அந்தியோதயா, 35 கிலோ கார்டு. தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு அதில் இல்லை, ஒருவர் இருந்தாலும் அதே 35 கிலோதான். சீனி மட்டும் தலைக்கு அரைக் கிலோ, அது குறையும். இதைச் சொன்னதும் முகம் தெளியும் என்று நினைத்தேன்.

"சீனி போனா போவுது. படமும் போயிருமா?"

2017-இல் கொடுத்த ஸ்மார்ட் கார்டு. குடும்பத் தலைவர் என்று அவர் படம்தான் அதில். பிளாஸ்டிக் உறைக்குள் இறப்புச் சான்றிதழும் நாலாக மடித்து இருந்தது. அட்டையை வெளியே எடுத்து முந்தானையால் துடைத்துவிட்டு மேசையில் வைத்தார், என் கையில் கொடுக்கவில்லை. புது அட்டையில் உங்கள் படம் வரும், இது உங்களிடமே இருக்கட்டும் என்றேன்.

வேலை அதோடு முடியவில்லை. திருப்பூரில் இருக்கும் மகன் இணையதளத்தில் முயன்று பார்த்திருக்கிறார். ஓடிபி அப்பா எண்ணுக்குப் போகிறது, அந்த சிம் ரீசார்ஜ் செய்யாமல் செத்துவிட்டது. ஆக முதலில் எண் மாற்றம், அடுத்து குடும்பத் தலைவர் மாற்றம், அதற்கப்புறம்தான் பெயர் நீக்கம். மூன்று தடவை பஸ் ஏறுவதென்றால் மூன்று நாள் கூலி போகும். இரண்டாம் சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம் பக்கத்து ஊரில் நடந்தது. மூன்றுக்கும் மனு எழுதி, நகல்களைப் பின் அடித்து, அங்கேயே கொடுக்க வைத்தேன்.

இதைப் படிக்கும் விற்பனையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாவு நடந்த வீட்டுக்காரர் கடைக்கு வரும்போது, பேர் நீக்குவதைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், அட்டையில் யார் எண் இருக்கிறது என்று பாருங்கள். பல வீட்டில் அது போனவருடைய எண்ணாகத்தான் இருக்கும். சிம் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

தையில் புது அட்டை வந்தது. அப்பாயி அறுவடைக்குப் போய் வந்த கையோடு பொருள் வாங்க வந்தார். விரல் ரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்கவில்லை, கருவிழி வைத்து எடுத்தேன். பில் அடித்ததும் அவர் இடுப்பில் செருகியிருந்த செல்போன் சத்தம் போட்டது.

"என்ன போட்டிருக்கு பாப்பா?"

அரிசி, சீனி அளவைப் படித்துச் சொன்னேன்.

"எனக்கேவா வந்திருக்கு?"

"ஒங்க நம்பருக்குத்தான் அப்பாயி."

தலையை ஆட்டிக்கொண்டு அட்டையை உறைக்குள் செருகினார். உள்ளே பழைய அட்டையும் இருந்தது.