பழைய மோட்டார் ஹோம், மாற்றிக் கட்டிய பஸ் பார்க்கப் போன அனுபவங்கள்: வாங்கியவர்களும் தப்பித்தவர்களும் எழுதுங்கள்

சாலைக்கிறுக்கன்

நானும் மனைவியும் மூன்று மாதமாகப் பழைய மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி) தேடி அலைகிறோம். நான்கு வண்டி பார்த்தாயிற்று, ஒன்றும் அமையவில்லை. நான்காவதைப் பற்றி எழுதினால்தான் மனசு ஆறும். நீங்களும் உங்கள் கதையைச் சொல்லுங்கள். வாங்கிவிட்டு மாட்டிக்கொண்ட கதை என்றால் ரொம்ப நல்லது, எங்களுக்கு உதவும்.

படத்தில் பளபளவென்று இருந்தது. நேரில் அதைவிடப் பளபளப்பு. கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியது. வாசனை டப்பா ஒன்று இருந்தால் பரவாயில்லை, மூன்று இருந்தன. மூன்றாவது, கட்டிலுக்கு அடியில். மனைவி என்னைப் பார்த்தார். மூன்றையும் எடுத்து வெளியே வைத்தோம், கதவு ஜன்னலெல்லாம் மூடினோம், விற்பவரிடம் பேச்சுக் கொடுத்தபடி கால் மணி நேரம் வெளியே நின்றோம். திரும்ப உள்ளே போனால், ஈரச் சாக்கை மடித்துப் போட்டு வைத்த மாதிரி ஒரு வாடை.

அப்புறம் மூலை மூலையாகத் தேடினேன். மேல் அலமாரியைத் திறந்து, கூரையும் சுவரும் சேரும் இடத்தில் டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். அங்கே மட்டும் சுவர்த்தாள் புதிது. விரலால் அழுத்தினால் ஊறிய அட்டை போல உள்ளே போய், மெதுவாகத் திரும்பி வருகிறது. ஈரமானி கொண்டு போயிருந்தேன். மற்ற சுவர்களில் 12, 13 சதவீதம் காட்டியது. அந்த மூலையில் 30-ஐத் தாண்டிவிட்டது. 20-க்கு மேல் போனாலே யோசிக்க வேண்டும்.

"நேற்றுதான் வண்டியைக் கழுவினோம் சார், அந்த ஈரம்" என்றார். கழுவிய தண்ணீர் அலமாரிக்குள் வருகிறது என்றால் அது இன்னும் மோசம் இல்லையா? கேட்கவில்லை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

பழைய டீசல்

தம்பி, ஈரத்தை நன்றாகப் பிடித்தீர்கள். நான் கனரக வண்டிகளுக்கு அடியில் படுத்தே காலம் தள்ளியவன். வீட்டுப் பகுதி எனக்கு அவ்வளவாகத் தெரியாது, இன்ஜின் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

பழைய சுற்றுலா பஸ் ஒன்றை வீடாக மாற்றியிருந்தார்கள். வாங்கப் போனவர் துணைக்கு என்னைக் கூப்பிட்டார். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். போனவுடன் விற்பவர் சாவியைப் போட்டார், அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. "பார்த்தீர்களா, எப்படி எழுந்திருக்கிறது!" என்றார். நான் பின்னால் போய் ரேடியேட்டர் மேல் குழாயைத் தொட்டேன். கை வைக்க முடியவில்லை. காலையிலேயே ஓட்டி, சூடேற்றி, அணைத்து வைத்திருக்கிறார். சூடான டீசல் இன்ஜின் யாருக்கும் எழுந்திருக்கும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்தது எப்படி எழுகிறது என்பதுதான் சங்கதி.

மறுநாள் காலை சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய் நின்றோம். இன்ஜின் சில்லென்று இருந்தது. அவர் முகமும் அப்படித்தான் இருந்தது. இந்தத் தடவை ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துக் களைத்துப்போன பிறகுதான் பிடித்தது. வெள்ளைப் புகை. குளிரில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது சகஜம், எரியாத டீசல் அது. சூடு ஏறினதும் நிற்க வேண்டும். இது நிற்கவில்லை. அப்படி நிற்காமல் வந்தால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம், இல்லை காற்று குறைவு, சில சமயம் வெறும் காற்று வடிகட்டி அடைப்புதான்.

இன்னொன்று. அந்த இன்ஜின் டெட்ராய்ட் 8வி-71 என்ற மாடல், டூ ஸ்ட்ரோக். எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம், பெயரே அப்படி வந்ததுதான். அதற்கு எஸ்.ஏ.இ. 40 என்ற ஒற்றைத் தர ஆயில்தான் ஊற்ற வேண்டும். சாமான் அறையைத் திறந்தால் பாதி தீர்ந்த 15டபிள்யூ-40 என்ற பல தர ஆயில் கேன் ஒன்று சாய்ந்து கிடந்தது. "இதைத்தான் ஊற்றுகிறீர்களா?" என்றேன். "நல்ல ஆயில் சார், விலை அதிகம்" என்றார் பெருமையாக. பொய் சொல்லவில்லை பாவம், அவருக்குத் தெரியவே தெரியாது. வாயால் சொல்லாததைச் சாமான் அறை சொல்லிவிடும்.

ஏர் பிரேக் உள்ள பஸ் என்றால் இதைச் செய்யாமல் வராதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காற்று முழுக்க ஏறும்வரை ஓடவிட்டு, இன்ஜினை அணையுங்கள். பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டுப் பெடலை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். பின்னால் இழுவை வண்டி மாட்டாத தனி வண்டிக்கு 3 பி.எஸ்.ஐ.-க்கு (காற்றழுத்த அளவு) மேல் இறங்கக் கூடாது. பிறகு பெடலை மிதித்து மிதித்துக் காற்றை இறக்குங்கள், முள் 60-ஐ நெருங்கும்போது எச்சரிக்கை ஒலி கத்த வேண்டும். அந்த வண்டியில் கத்தவில்லை. கம்பியைக் கழற்றி விட்டிருந்தார்கள்.

ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு, அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை தாங்கும் வண்டிக்கு, அடியில் முட்டுக் கொடுக்காமல் தலையை விடாதீர்கள். காற்றுப்பை விட்டால் பல டன் எடை அப்படியே உட்காரும். ஜாக்கி மட்டும் போதாது. நான் பார்த்திருக்கிறேன், அதை இங்கே எழுத மனசில்லை.

ஸ்டெப்னி

டயரில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேல் வெட்டு) நன்றாக இருக்கிறது என்று ஏமாந்தவன் நான். மோட்டார் ஹோம் நின்றே கிழடாகும். பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சில டயரில் அது உள்பக்கம் மட்டும்தான் இருக்கும், படுத்துத்தான் பார்க்க வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் என்றால் உள்ளே இருக்கும் டயரையும் பாருங்கள். எனக்கு வெளி டயர் நாலு வயது, உள் டயர் பதினாறு.

மஞ்சள் பஸ்காரி

டீசல் அண்ணா, உங்களை அப்போதே தெரியாமல் போயிற்றே.

நாங்கள் வாங்கியது பள்ளிப் பேருந்தை வீடாக மாற்றியது. உள்ளே மரத்தரை அவ்வளவு அழகு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன். அந்தத் தரைதான் எங்களைக் கவிழ்த்தது.

பள்ளிப் பேருந்தின் தரை பெரும்பாலும் மூன்று அடுக்கு: அடியில் இரும்புத் தகடு, அதன் மேல் பிளைவுட், மேலே ரப்பர் விரிப்பு. ஜன்னல் ரப்பர்கள் காய்ந்துவிட்டால் மழை சுவருக்குள்ளேயே இறங்கி, பிளைவுட்டுக்கும் தகடுக்கும் நடுவில் போய்த் தேங்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மாற்றிக் கட்டியவர் பழைய விரிப்பைக் கழற்றாமல் அதன் மேலேயே புதுத் தரையைப் போட்டிருந்தார். அடியில் கறுப்புப் பூச்சு புத்தம்புதிதாக இருந்தது. துரு தடுக்க அடித்தது என்றார்கள், நம்பினோம்.

வாங்கி ஆறாவது வாரம் பின் சக்கர மேட்டுக்குப் பக்கத்தில் கால் வைத்தால் லேசாகத் தணிந்தது. என் கணவர் ஒரு பலகையை நெம்பினார். பிளைவுட் கறுப்பாக, ஏடு ஏடாகக் கையோடு வந்தது. அதற்கடியில் தகடு. திருகாணி இருந்த இடத்தைச் சுற்றி விரல் நுழையும் ஓட்டை. குனிந்து பார்த்தேன். ஓட்டை வழியாகக் கீழே தரையில் கிடந்த கூழாங்கல்லும், அதன் மேல் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பும் தெரிந்தன. எங்கள் வீட்டுக்குள் இருந்தபடி!

இப்போது யார் கூப்பிட்டாலும் திருப்புளியோடு போகிறேன். வண்டி அடியில் தகடையும் குறுக்குச் சட்டங்களையும் அதன் கைப்பிடியால் தட்டுவேன். நல்ல இரும்பு கணீரென்று பேசும், அரித்தது மொத்தென்று கேட்கும். புதுப் பூச்சு அடித்த இடத்தை முதலில் தட்டுவேன். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஒயரிங் இன்னொரு கூத்து. வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி ஒயரைப் பஸ்ஸில் இழுத்திருந்தார்கள். வண்டி ஆட ஆட அது இணைப்புகளில் தளர்ந்துவிடும், முறியவும் முறியும். பல இழை ஒயர்தான் ஆட்டம் தாங்கும். விளக்குப் பலகை ஒன்றைக் கழற்றினேன். இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தது, டேப் பழுப்பேறி மொறுமொறுவென்று உதிர்ந்தது. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போன தடித்த கேபிளில் ஃபியூஸே இல்லை. அத்தனை ராத்திரி அதற்கு மேலேதான் படுத்துத் தூங்கியிருக்கிறோம். பார்க்கப் போகும்போது ஒரே ஒரு பலகையைக் கழற்றக் கேளுங்கள், போதும். கழற்ற விடாதவரிடம் வாங்காதீர்கள்.

பாதித் தூரம்

எல்லோரும் ஒழுகலும் துருவும் சொல்லிவிட்டீர்கள், நான் எடையைச் சொல்கிறேன். கல் மேடை, ஓடு பதித்த குளியலறை, இரும்புக் கட்டில் என்று ராஜா வீட்டு பஸ். சோதனை ஓட்டத்தில் வழியில் எடைமேடை இருந்தது, ஏற்றச் சொன்னேன். முன் ஆக்சில் (சக்கர அச்சு), பின் ஆக்சில் தனித்தனியாக எடுத்தோம். பின் ஆக்சிலுக்குத் தகட்டில் போட்டிருந்த உச்சவரம்பு 7,700 கிலோ. வந்தது 7,560. தண்ணீர்த் தொட்டி காலி, ஒரு பாத்திரம் துணிமணி கிடையாது. தொட்டி 380 லிட்டர், அதாவது 380 கிலோ. அதுவும் பின் ஆக்சிலுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். அங்கே வைக்கும் எடை பின்னால் தன் எடைக்கு மேலேயே அழுத்தும், முன் சக்கரத்தை லேசாக்கும். லேசான முன் சக்கரத்தோடு இறக்கத்தில் வளைவு திருப்பிப் பாருங்கள், ஸ்டீரிங் கையில் வெறுமையாக இருக்கும்.

"கொஞ்சமாகத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்களேன்" என்றார் விற்பவர். அவர் தினமும் அப்படித்தான் குளித்தாராம்.

அவருடைய பதிவுச் சான்றில் அது இன்னமும் பயணிகள் பேருந்து. அப்படி இருந்தால் காப்பீடு எடுக்கும்போதுதான் தலைவலி தெரியும். சேசிஸ் எண்ணைத் தாளில் பார்ப்பதோடு விடாமல் வண்டியில் பொறித்திருப்பதோடும் ஒப்பிடுங்கள்.

கேஸ்வாசி

சின்னச் சின்னது. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் குளிர மணிக்கணக்காகும், முந்தின நாளே போட்டு வைக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் மஞ்சள் கறையோ அம்மோனியா வாடையோ இருந்தால் குளிர்விக்கும் பாகம் போயிற்று. தண்ணீர் பம்பைப் போட்டு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அமைதியாக உட்காருங்கள். யாரும் குழாயைத் தொடாமலே பம்ப் விட்டுவிட்டு உறுமினால் எங்கோ கசிவு. கேஸ் கசிவு, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிகளுக்கும் ஆயுள் உண்டு, திருப்பித் தேதி பாருங்கள். நான் பார்த்த வண்டியில் அது இருந்தது, உள்ளே பேட்டரிதான் இல்லை.

விற்றவன்

மறுபக்கமும் யாராவது பேச வேண்டாமா? போன வருடம் என் மோட்டார் ஹோமை விற்றேன். கூரைக் காற்றுத் துவாரத்தைச் சுற்றி ஒருமுறை ஒழுகியது. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, நனைந்த பலகையை வெட்டி மாற்றி, கூரைக்குரிய பசை போட்டு அடைத்தேன். வெட்டின இடம், புதுப் பலகை, எல்லாவற்றுக்கும் படம் வைத்திருந்தேன். உள்ளே கறையை மட்டும் பெயிண்ட் அடிக்காமல் விட்டேன், மறைத்தேன் என்ற பேச்சு வரக்கூடாதே என்று. வந்த ஏழு பேரில் ஆறு பேர் கறையைக் கண்டதும் இறங்கிவிட்டார்கள். படத்தைப் பார்க்கக்கூட இல்லை. அதில் ஒருவர், கூரை முழுக்கச் சிலிகோன் பசை அப்பிய வேறொரு வண்டியை வாங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். சிலிகோன் மேல் வேறு பசை ஒட்டவே ஒட்டாது. சுரண்டி முடிப்பதற்குள் அவருக்கு விரல் நகம் தேய்ந்திருக்கும்.

ஏழாவதாக வந்த அம்மா ஏணி கேட்டார். கூரை மேல் ஏறி, துவாரம் துவாரமாக மண்டியிட்டுப் பார்த்துவிட்டு இறங்கி, பேரம் பேசாமல் வாங்கிப் போனார். சரி, கொஞ்சம் பேசினார்.

சாலைக்கிறுக்கன்

இந்த நான்கு நாளில் ஐந்தாவது வண்டி பார்த்துவிட்டோம். மாற்றிக் கட்டிய பஸ். அழகே கிடையாது, திரைச்சீலை வெளிறிக் கிடக்கிறது, வாசனை டப்பா ஒன்றுகூட இல்லை. போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. "பரவாயில்லை, மழையிலேயே வாருங்கள், அப்போதுதான் ஒழுகினால் தெரியும்" என்று விற்பவரே சொன்னார். ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தோம். ஓட்டுநர் பக்க ஜன்னல் ஓரத்தில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். அது ஒழுகும் என்று வருவதற்கு முன்பே சொல்லியிருந்தார்.

குழாய் சில்லென்றுதான் இருந்தது டீசல் அண்ணே, போனதும் முதலில் அதைத்தான் தொட்டேன். வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து நின்றது. பின் டயர் உள்பக்கம் படுத்துப் பார்த்ததில் சட்டை போயிற்று. அடியில் தட்டினேன், ஒரு குறுக்குச் சட்டம் மட்டும் மொத்தென்றது, அதற்கு விலையில் குறைக்க ஒத்துக்கொண்டார். இன்ஜின் ஆயில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். சோடியமோ பொட்டாசியமோ கூடுதலாக வந்தால் கூலண்ட் கலந்திருக்கலாம் என்று படித்தேன். முடிவு வந்ததும் இங்கே போடுகிறேன்.

பழைய டீசல்

நல்ல வேலை. ஆனால் அந்த ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போது மாற்றியது என்று கேட்டீர்களா? போன வாரம் மாற்றிய ஆயில் என்றால் எந்த இன்ஜினும் சுத்தமாகத்தான் வரும்.

சாலைக்கிறுக்கன்

கேட்கவில்லை அண்ணே. இதோ இப்போதே கூப்பிடுகிறேன்.